பொன்னுத்தாயின் சோடியம்

சோடியம் எரிந்தால் மஞ்சள். சிவகாசிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த திருத்தங்கல் லேபில் ஃப்ளேம் போட்டோமீட்டரும் அதைத்தான் செய்தது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தண்ணீர் கலந்து தீயில் விட்டால், மஞ்சளைப் பார்த்து சோடியம் எவ்வளவு என்று நம்பர் காட்டும்.

நாரணாபுரத்தில் பட்டாசு மருந்து கலக்கும் பொன்னுத்தாய் ஒருநாள் வந்தார். எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி. ஆள் கருத்துக்கொண்டே போனார். எல்லாம் அலுமினியப் பொடி என்று டாக்டர் முதல் போர்மேன் வரை ஒரே தீர்ப்பு. ஈறுகூடக் கருத்திருந்தது. பொடியிலா பல் விளக்கினார் என்று ஒரு மேதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"கல்லுப்பை அள்ளி அள்ளித் திங்கா சார். ரத்தம் சுண்டிப் போகாதா? டப்பாவைப் பூட்டி வச்சிட்டேன்" என்று புருஷன் பெருமையடித்தார்.

சோடியம் 118 என்று மெஷின் காட்டியது. 135க்குக் கீழே போகக் கூடாத நம்பர். டாக்டர் கேட்டிராத பொட்டாசியமோ அதே மெஷினில் எகிறியிருந்தது. லேப் முதலாளியிடம் போனேன்.

"ஏலே, இந்த சோடியத்துல ஒரு பொம்பள பஸ் ஏறி வருவாளா? மெஷினுக்குக் கோட்டி புடிச்சிருக்கு. 136ன்னு போடு."

"ரெண்டு வாட்டி ஓட்டிட்டேன் சார்."

"டாக்டர் நீயா நானா?"

இருவருமே இல்லை. 136 போட்டுக் கையெழுத்தும் போட்டேன். டாக்டர் அதைப் பார்த்து சத்து டானிக் எழுதினார்.

எட்டாம் நாள் பொன்னுத்தாய் வேலையிலேயே விழுந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கெட்டுப் போயிருந்தது. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன்தான் சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது. அது இல்லாததால் உப்பும் தண்ணீரும் மூத்திரத்தோடு போய் பிரஷர் இறங்கிவிட்டது. வேலை செய்யாத சுரப்பியை மூளையடிச் சுரப்பி ஒரு ஹார்மோனை ஊற்றி விரட்டிக்கொண்டே இருக்கும். தோலைக் கருக்கியது அதுதான். எங்கள் அத்தனை பேரிலும் நோயைச் சரியாகப் புரிந்துகொண்டது அவருடைய நாக்கு ஒன்றுதான். அதற்குத்தான் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

மாத்திரையில் தேறி, மறுபடி சோடியம் பார்க்க வந்தார். 137. பேப்பரை வாங்கியவர் பையிலிருந்து பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"முந்தி 136ன்னு போட்டிருக்கீக. அப்ப சாகக் கெடந்தேன். இப்ப நல்லாருக்கேன், 137ங்கிறீக. ஒத்த நம்பருக்கா தம்பி அம்புட்டுப் பாடு?"

உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து விருதுநகர் லேபுக்கு பஸ் ஏறிப் போனார்.

தீ காட்டிய நம்பரை எழுதத் தைரியம் இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வராதீர்கள். நான் வந்திருக்கக் கூடாது.