கோச்சிக்கு விரித்த சாக்கு

நேற்று கந்தப்பளை ஏற்றத்தில் எங்கள் லொறி சேற்றில் வழுக்கியது. தம்பி குதித்து, சக்கரத்துக்கு அடியில் ஒரு சாக்கைப் போட்டான். பிறப்பதற்கு முன்பே சாக்கு கேட்டவன் அவன்.

அப்போது எனக்கு ஆறு வயது. ராகலையிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன சின்னக் கோச்சி ரயிலில் ஆட்களை ஏற்றமாட்டார்கள். ஆனாலும் பிரசவ வலியில் துடித்த அம்மாவையும் என்னையும் கார்டு ஐயா கடைசிப் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி நுவரெலியாவில் இருந்தது. பாதி ஏற்றத்தில், மழையில் நனைந்த தண்டவாளத்தில், என்ஜின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

மேலே தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தை கத்தினாள்: "என்னங்க டிரைவரய்யா, ஒங்க கோச்சிக்கும் புள்ள வலியா?"

"அத்தே, சிரிக்காத! அம்மா உள்ள துடிக்குது!" என்றேன்.

அத்தை இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே மலைப் பெண்கள் எல்லோரும் இறங்கி, தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்துப் படங்குகளை விரித்தார்கள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சாக்கு தீர்ந்துபோனது.

"கொழுந்த விட்டுட்டு இங்க என்னடி கூத்து?" என்று கங்காணி ஓடிவந்தார். அம்மாவின் அலறலைக் கேட்டதும் நின்றார். தோளில் கிடந்த கம்பளியை எடுத்து, தானே குனிந்து விரித்தார்.

என்ஜின் சாக்குகளைக் கவ்விக்கொண்டு ஏறியது. மலையே எங்களைத் தள்ளுவது போலிருந்தது. எங்கள் பெட்டி வளைவு திரும்பும்வரை ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. கங்காணியும் தொடச் சொல்லவில்லை.