கல்வெட்டுக் கேட்கிற இராசேஸ் அக்கா

எங்கள் வட்டக்கச்சியில் யார் வீட்டுக்குப் போனாலும் இராசேஸ் அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்பார். கதிரையில் இருந்த கையோடு, "உங்கடை வீட்டிலை பழைய கல்வெட்டு ஏதும் கிடக்கோ?" என்பார். ஒருமுறை கலியாண வீட்டில், பொம்பிளை மணவறைக்கு வருவதற்குள் மாப்பிள்ளையின் தாயிடம் இதைக் கேட்டுவிட்டார். அந்த மனுசி முறைத்த முறைப்பில் எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா ஒன்றும் நடக்காதது போலச் சர்பத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் புத்தகம். அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டுகள். கல்வெட்டில் குடிகாரன் கிடையாது. பெண்சாதிக்கு அடித்தவன் கிடையாது. என் மாமனாரின் கல்வெட்டில் மருமகள் புலம்பல் என்று என் பெயரில் ஒரு பக்கம் நிறைய அச்சடித்திருந்தார்கள். அதில் ஒரு சொல்கூட நான் சொன்னதில்லை. அந்த மனிதர் கடைசிவரைக்கும் எனக்கு முகம் கொடுத்துக் கதைத்ததும் இல்லை.

இந்தப் புத்தகங்களை வீட்டில் வைத்திருக்கப் பலருக்கு மனமில்லை. சாவீட்டுச் சாமான் என்று எறிந்துவிடுவார்கள். அதனால்தான் அக்காவுக்கு இவ்வளவு அலைச்சல்.

அக்கா தேடியது தன் மாமனார் வைத்திலிங்கத்தின் கல்வெட்டை. அவர் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கத்தில் செத்தவர். சமாதானப் பேச்சால் வன்னிப் பாதை திறந்திருந்த காலம் என்பதால் கிளிநொச்சியில் நல்ல தாளில் அச்சடித்தார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு படம். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், மேலில் சட்டையில்லாமல், வேட்டி கட்டி, தாத்தாவின் பிரேதத்தைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவன் பிரதீபன், வைத்திலிங்கத்தாரின் மகள் சிவலட்சுமியின் பிள்ளை. சின்னவன் நிருஷன். அக்காவின் ஒரே பிள்ளை.

நிருஷன் பிறந்து வளர்ந்தது பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பிலிம்றோல் வருவதே அருமையாக இருந்த காலம். எடுத்த நாலைந்து படங்களும் இரண்டாயிரத்து ஒன்பதில் இடம்பெயர்ந்து ஓடியபோது பையோடு போய்விட்டன. அதற்குச் சில நாட்கள் கழித்து, புதுமாத்தளனில் செல் விழுந்து பிள்ளையே போய்விட்டான். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. அக்காவும் புருசன் அப்புத்துரை அண்ணையும் கையால் மணலைத் தோண்டி அவனை வைத்துவிட்டு, அடுத்த செல்லுக்கு முன்னால் ஓடினார்கள். கொள்ளி வைக்க அங்கே யாருக்கு நேரம் இருந்தது?

நான் பக்கத்து வளவில் தையல் தைக்கிறவள். "செத்த பிள்ளையின்ரை படத்தை வைச்சு என்ன செய்யப் போறியள்?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை.

"அவன்ரை முகம் எனக்கு வருகுதில்லைப் பிள்ளை," என்றார். "குரல் வருகுது. கோவிச்சுக்கொண்டு போற நடை வருகுது. முகம் மட்டும் வருகுதில்லை. பெத்தவளுக்கு இப்பிடியும் வருமோ?"

அதற்குப் பிறகு நானும் போகிற வீடுகளில் கல்வெட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

ஒரு பிரதியாவது இருந்திருக்க வேண்டிய வீடு பூவரசங்குளத்தில் இருந்த சிவலட்சுமியின் வீடு. வவுனியாப் பக்கம் என்பதால் அந்த வீடு எங்கேயும் ஓடவில்லை. ஆனால் சண்டை முடிந்து, அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வந்த வருசமே அக்கா கேட்டபோது, "அதைக் கறையான் அரிச்சுப் போட்டுது மச்சாள்," என்று சிவலட்சுமி சொல்லிவிட்டார்.

சிவலட்சுமியின் கதையும் லேசான கதை இல்லை. தகப்பனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து திரும்பும்போது, "அறுவடை முடியட்டும் அக்கா, நான் கொண்டுவந்து விடுறன்," என்று தம்பி அப்புத்துரை சொன்னதை நம்பிப் பிரதீபனை வட்டக்கச்சியில் விட்டுவிட்டுப் போனார். ஆவணியில் சண்டை தொடங்கியது. வன்னியை விட்டு வெளியே போகப் பெடியன்களுக்குப் பாஸ் கொடுக்கவில்லை. மூன்று வருசம் மாமன் வீட்டில் இருந்தவன், சண்டையின் கடைசி நாள் வட்டுவாகல் பாலத்துச் சனநெரிசலில் காணாமல் போனான். இன்றைக்கு வரைக்கும் இருக்கிறான், இல்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இதற்காகச் சிவலட்சுமி தம்பியையோ மச்சாளையோ ஒரு வார்த்தை ஏசியதில்லை. அந்தப் பொறுமையைக் குலைத்தது இன்னொரு கல்வெட்டு.

இரண்டாயிரத்துப் பதினாறில் அப்புத்துரை அண்ணை நெஞ்சு நோ வந்து செத்தார். கல்வெட்டுக்கு விபரம் கொடுக்க அக்காவே அச்சகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் பிரதீபனின் பெயரைப் பார்த்துவிட்டு, "இவர் மோசம் போனவரோ?" என்று கேட்டார். அக்கா ஓம் என்றார். "காலஞ்சென்ற பிரதீபனின் அன்பு மாமனும்" என்று அச்சாகி வந்தது.

முப்பத்தோராம் நாள் பந்திக்கு வாழையிலை போட்டிருந்தார்கள். சிவலட்சுமி இலைக்கு முன்னால் இருந்தபடி புத்தகத்தைத் திறந்தார். அந்த வரியைக் கண்டதும் எழும்பினார். புத்தகத்தை இலையில் வைத்துவிட்டு, சொந்தத் தம்பியின் அந்தியேட்டிச் சோற்றைத் தொடாமல் படலையைத் தாண்டிப் போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

போன வருசம் அக்காவுக்குக் கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையை எடுத்தார்கள். புதுக் கண்ணாடி எடுக்க நானும் கூட வவுனியாவுக்குப் போனேன். திரும்பி வரும் வழியில், காணாமல் போனவர்களின் உறவுகள் போராட்டம் இருக்கிற தெருவோரக் கொட்டகையைக் கடந்தோம். கம்பியில் வரிசையாகப் படங்கள் தொங்கின. புதுக் கண்ணாடி போட்ட புளுகத்தில், சின்னப்பிள்ளை மாதிரி, அக்கா கடைப் பெயர்களையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

பிரதீபனின் படம். சட்டையில்லாத தோள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு நெருப்பு வெளிச்சம். பெரிதாக்கியதில் எல்லாம் சற்று மங்கியிருந்தது. படத்தின் ஓரத்தில், அவன் தோளைப் பிடித்தபடி நான்கு விரல்கள். விரல்களுக்குரிய ஆளைக் கத்தரிக்கோல் வெட்டியிருந்தது.

"அது அவன்ரை கை," என்றார் அக்கா.

"ஆரின்ரை?"

"சுண்டுவிரலைப் பார். வெளியாலை மடிஞ்சு கிடக்குது. சைக்கிளாலை விழுந்து முறிஞ்சது. நெய் சொட்டுது, பயமாக் கிடக்கெண்டு மச்சான்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டுதான் பந்தம் பிடிச்சவன்."

ஆக, கறையான் ஒன்றையும் அரிக்கவில்லை. எனக்குத் தலைக்குள் கொதித்தது. அக்காவுக்கு ஆத்திரம் இல்லை, ஆசைதான். வெட்டிய மிச்சத்தில் முழுப் பிள்ளையும் இருக்க வேண்டுமே! கொட்டகையில் இருந்த பெண்கள் சிவலட்சுமி அன்றைக்கு வரவில்லை என்றார்கள். அக்கா பஸ்ஸையும் மறந்து, என்னையும் மறந்து, ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டு, "பூவரசங்குளம்," என்றார்.

சிவலட்சுமி முற்றத்துப் பாயில் உளுந்து காயவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. வாங்கோ என்றும் சொல்லவில்லை.

"கறையான் அரிச்சதெண்டு சொன்னனீங்கள்," என்றார் அக்கா.

சிவலட்சுமி உளுந்தைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"ரவுணிலை தொங்கிற படத்திலை என்ரை பிள்ளையின்ரை விரல் கிடக்குது மச்சாள். மிச்சம் எங்கை?"

சிவலட்சுமியின் கை உளுந்துக்குள் நின்றது. "நான்தான் வெட்டினனான்," என்றார். "அவனைத் தேடிப் போற இடமெல்லாம் படம் கேட்டாங்கள். கடைசியா எடுத்த படம் அதுதான். மற்றதெல்லாம் சின்னப்பிள்ளைப் படம்."

"வெட்டினதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. மிச்சத்தை எனக்குத் தந்திருக்கலாமே."

"தந்தால் நீங்கள் மாலை போட்டு விளக்கு வைப்பியள். பக்கத்திலை நிண்ட பெடியன் எங்கையெண்டு சனம் கேக்கும். செத்தவனோடை நிண்டவனும் செத்தவன் எண்டு வாய் கூசாமல் சொல்லும். அதுதான் தரேல்லை. ஆனால் கவனமா வைச்சிருந்தனான். ஒருநாளைக்குத் தருவம் எண்டு அலுமாரிக்குள்ளை புத்தகத்தோடை வைச்சிருந்தனான்."

"வைச்சிருந்தனீங்களோ?"

சிவலட்சுமி அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "தம்பியின்ரை அந்தியேட்டிக்கு வந்திட்டுப் போனன் எல்லே. வந்து இறங்க அடுப்பு எரிஞ்சுகொண்டு கிடந்தது. என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டாள் எண்ட விசர். அதுக்குள்ளை எடுத்துப் போட்டிட்டன்."

அக்கா அந்த வெயிலில் முற்றத்து மண்ணிலேயே இருந்துவிட்டார். நான் வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினேன். ஒரு தாய் செய்கிற வேலையா என்று கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"அவனை நாங்கள் மண்ணுக்குள்ளை வைச்சிட்டு ஓடினனாங்கள்," என்றார் சிவலட்சுமியைப் பார்த்து. "கொள்ளி வைக்கேல்லை எண்டு உங்கடை தம்பி சாகும்வரைக்கும் அழுதவர். அதை நீங்கள் செய்திருக்கிறியள்."

அது நன்றியும் இல்லை, ஏச்சும் இல்லை. என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிவலட்சுமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். பிறகு தலைப்பை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் மச்சாள் அப்பிடி எழுதினீங்கள்?"

அக்கா எனக்குக்கூட இதைச் சொன்னதில்லை. "பாலத்தடி மட்டும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன். சனம் இடிச்சதிலை கை விட்டிட்டுது. திரும்பிப் பார்க்க ஆளைக் காணேல்லை. செத்திட்டான் எண்டு நினைச்சால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வரும். எங்கையோ இருட்டுக்குள்ளை அடி வாங்கிக்கொண்டு கிடக்கிறான் எண்டு நினைச்சால் வராது. அதுதான் ஓமெண்டு சொன்னனான்."

"எனக்கு நித்திரை வர வேண்டாம்," என்றார் சிவலட்சுமி.

அக்கா சேலை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். ஓட்டோவில் ஏறினோம். சிவலட்சுமி உள்ளே போய்ப் பிரதீபனின் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே விரல்களோடு முன்பு கொட்டகையில் தொங்கிய பழைய பிரதி, பிளாஸ்ரிக் ஒட்டியது, ஓரம் வெயிலில் வெளிறியிருந்தது. அக்காவின் மடியில் வைத்தார்.

"கொண்டுபோங்கோ. ஆனால் மாலை போடக் கூடாது."

பஸ்ஸில் கிளிநொச்சி வரும்வரைக்கும் அக்கா அந்த நான்கு விரல்களையும் பெருவிரலால் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த கரைச்சல் தொடங்கியது. எங்கே மாட்டுவது? சாமியறைப் பக்கத்துச் சுவரில் அப்புத்துரை அண்ணை மாலையோடு இருக்கிறார். அங்கே மாட்டினால் பிரதீபனும் செத்தவர்களோடு சேர்ந்துவிடுவான். கடைசியில் எதிர்ச் சுவரில், யன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினார். மாலை இல்லை, விளக்கு இல்லை. பெற்ற பிள்ளையின் விரல்களுக்கு ஒரு பூ வைக்க முடியாமல் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"விரலை மட்டும் வெட்டிப் பிறேம் போட்டு மாட்டுங்கோவன் அக்கா. பிறகு மாலை என்ன, தேரே இழுக்கலாம்."

"இவ்வளவும் வெட்டினது காணும், இனி வேண்டாம்," என்றார்.

பங்குனியில் நிருஷனின் திவசம் வந்தது. நான் விடியவே போய் மரக்கறி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டது. சிவலட்சுமி. யாரும் அழைக்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அக்கா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார்.

சிவலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குள் போனார். சாமியறைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். பிறகு யன்னலடிக்குப் போய், தன் மகனின் படத்தின் மேல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். மாலை தொங்கிய அடையாளம் ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஒரு மூச்சு விட்டார். சாமித்தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மோதிர விரலில் தொட்டு, நிருஷனின் நான்கு விரல்களுக்கும் ஒவ்வொரு பொட்டாக வைக்கத் தொடங்கினார். கடுகளவு பொட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முறிந்த சுண்டுவிரலை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் வைத்தார். சுண்டுவிரலுக்கு வரும்போது விரல் சறுக்கிவிட்டது. சந்தனம் வழுகிப் பிரதீபனின் தோளில் பட்டது.

"ஐயோ," என்று ஒரு சத்தம். சிவலட்சுமி சேலைத் தலைப்பால் அதைத் தேய்த்தார். சந்தனம் இன்னும் பரவியது.

இராசேஸ் அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தன் தலைப்பின் நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, "விடுங்கோ மச்சாள், நான் துடைக்கிறன்," என்று பிரதீபனின் தோளைத் துடைத்தார். சிவலட்சுமியும் விடவில்லை. அந்தத் தோளில் மஞ்சள் நிறம் ஒரு பொட்டும் இல்லை என்று தெரியும்வரைக்கும் இருவரும் மாறி மாறித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.