விழிஞ்ஞத்தில் ஒரு சிப்பிப் பாறை

சிப்பி என்றால் வறுத்துத் தட்டில் வருவது என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். கடலுக்குள் அது எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையை மூட்டியவள் ஷீலா. மதுரையில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள், இப்போது கடல் சூழலியலாளர். விழிஞ்ஞத்தில் சிப்பி எடுப்பவர்களிடம் பேசிப் பேசி, ஒரு பாறையை மட்டும் இந்தப் பருவம் முழுக்கத் தொடாமல் விடச் சம்மதிக்க வைத்திருந்தாள். அங்கே குஞ்சுகள் வளர்ந்தால் சுற்றுப் பாறைகளிலும் சிப்பி பெருகும் என்பது அவள் எதிர்பார்ப்பு. டிசம்பர் விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் காலை ஆறு மணிக்குப் பேருந்து பிடித்தேன். முக்கால் மணி நேரத்தில் விழிஞ்ஞம். ஷீலாவும் படகுக்காரர் சில்வஸ்டர் அண்ணனும் காத்திருந்தார்கள். படகுக்கு ஆயிரம் ரூபாய்.

பாறையை நெருங்கும்போது தண்ணீரில் ஒரு ரப்பர் டியூப் மிதந்தது. பக்கத்தில் நீச்சல் கண்ணாடியோடு ஒருவர் எழுந்தார். லாரன்ஸ். பாறையைத் தொடாமல் விடச் சம்மதித்தவர்களில் அவரும் ஒருவர். டியூபில் தொங்கிய வலைப்பை நிறையச் சிப்பி!

சில்வஸ்டர் அண்ணன் கொதித்துப்போய் ஷீலாவிடம் திரும்பினார். அங்கே அவள் எல்லோருக்கும் டீச்சர். “மீட்டிங்ல இவனும்தான் கை பொக்கி சம்மதிச்சான் டீச்சரே! அப்போ ஞங்கள் எல்லாம் பொட்டன்மாரா, முட்டாளுங்களா?”

“மத்த பாறையில மூணு நாளா ஒரே கலங்கல் அண்ணா, ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல்ல,” என்றார் லாரன்ஸ். “வெறுங்கையோட வீட்டுக்குப் போகப் பற்றுமோ?”

ஷீலா திட்டவில்லை. பையை வாங்கிப் படகின் பலகையில் கொட்டினாள். பெரியவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் நகம் அளவுக் குஞ்சுகள்.

“திரும்பப் போட்டா பிழைக்குமாடி?” என்று கேட்டேன்.

“சும்மா போட்டா அலை அடிச்சிட்டுப் போயிடும். பண்ணையில துணி வெச்சுக் கயித்துல சுத்தி வளர்க்கிறப்போ புது நார் விட்டு ஒட்டிக்கும். இங்க ஒட்டுமான்னு எனக்குத் தெரியாது.”

லாரன்ஸ் இடுப்பில் கட்டியிருந்த மெல்லிய பருத்தித் தோர்த்துத் துண்டை அவிழ்த்தார். “இது மதியோ, போதுமா டீச்சரே?”

ஈரத் துண்டில் குஞ்சுகளைச் சுற்றி, கயிறு போட்டுப் பாறை இடுக்கில் கட்டினார்கள். நானும் கண்ணாடி மாட்டி, படகின் கயிற்றைப் பிடித்தபடி தலையை முக்கினேன். பாறை முழுக்கக் கருத்த ஓடுகள். எல்லாம் லேசாக வாய் திறந்திருந்தன. கையை நீட்டியதும் அருகிலிருந்தவை மூடிக்கொண்டன. என் ஆயிரம் ரூபாய்க்கு அது ஒன்றே போதும்.

“பெரிசை எடுத்துட்டுப் போங்க. ஆனா நடந்ததைக் கூட்டத்துல நீங்களேதான் சொல்லணும்,” என்றாள் ஷீலா. லாரன்ஸ் குனிந்தபடியே தலையசைத்தார். சில்வஸ்டர் அண்ணன் அவரைத் திரும்பியும் பார்க்காமல் படகைக் கரைக்குத் திருப்பினார்.

“கொஞ்சம் கண்டிச்சிருக்கலாமே?” என்று ஷீலாவிடம் கேட்டேன்.

“நான் தினமும் இங்க காவல் நிக்க முடியுமா? இவங்களுக்கே வேணும்னு தோணினாத்தான் அந்தப் பாறை நிக்கும்.”

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. நீச்சல் தெரிந்தாலும் உள்ளூர்க்காரர் துணையில்லாமல் பாறைப் பக்கம் இறங்காதீர்கள். சாப்பாட்டுக் கடையில் பொடிச் சிப்பி வந்தால், பெரியது இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து ஷீலா அழைத்தாள். துண்டில் கட்டிய குஞ்சுகளில் பாதிக்கும் குறைவானவைதான் ஒட்டியிருந்தனவாம். லாரன்ஸ் கூட்டத்தில் சொல்லிவிட்டாராம். பிறகு எல்லோருமாகப் பாறையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். படகு நிற்பதற்கு முன்பே தண்ணீரில் குதித்தவர் சில்வஸ்டர் அண்ணனாம்.