ஒட்டாத இரண்டு ரோடுகள்

மகள் போன் செய்தபோது நான் தானா ராத்தா டவுனில், ஒரு கடை மாடியில், கூட்டத்தில் இருந்தேன்.

"மா, நான் நல்லா இருக்கேன். மொதல்ல அத கேட்டுக்குங்க."

போனோடு எழுந்து வெளிப்படிக்கு வந்தேன்.

நான் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் என்னைக் 'கம்ப்யூட்டர் கிராணி' என்பார்கள்; கிராணி என்றால் கிளார்க். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பயன்படுத்தும் நாங்கள் சில பேர் கூடுவோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய மேப்பில் இந்த மலையின் ரோடுகளை வரைவோம். அதற்கு முன் எங்கள் தோட்டங்கள் அதில் வெறும் பச்சையாகத்தான் கிடந்தன. ஆம்புலன்ஸ் லயத்தைத் தேடி அலைந்த கதைகள் எங்களிடம் உண்டு.

வரைந்ததில் சந்தேகம் இருந்தால் மென்பொருள் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டும். இரண்டு ரோடுகள் கிட்ட வந்தும் ஒட்டாமல் நின்றால் அதற்கும் ஒரு புள்ளி. கூட்டம் முடிவதற்குள் யார் அதிகப் புள்ளிகளை நீக்குவது என்று எங்களுக்குள் போட்டி. ஜெயித்தவருக்கு மற்றவர்கள் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வாங்கித் தர வேண்டும். முந்தைய மாதம் ஜெயித்தது பிரபு. மலைக்குக் கீழே ஈப்போ டவுனிலிருந்து வரும் என்ஜினியர், தங்கமான பிள்ளை.

"அக்கா, ஒங்க தோட்டம் இப்ப ஃபுல் கிளீன் லா. ஒரு செவப்பு கூட இல்ல," என்றார் அன்று. எல்லாரும் கை தட்டினோம்.

அவர் ஒட்டிவிட்ட ரோடுகளில் இரண்டு, தோட்டத்தின் மேல் ரோடும் ஃபேக்டரி ரோடும். சாட்டிலைட் படத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். உயரம் அந்தப் படத்தில் தெரியாது. நடுவில் இருப்பது இரண்டு மாடி ஆழச் சரிவு.

போன் வந்த அன்று மகள், லயத்தில் இருக்கும் தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பியிருந்தாள். நல்ல பனிமூட்டம். போனில் எங்கள் மேப் குறுக்கு வழி காட்டியது. மேல் ரோட்டின் முனையில் நேராகப் போகச் சொன்னது. போனாள். மோட்டார் உருண்டு கீழே ஃபேக்டரி ரோட்டில் விழுந்தது. சரிவின் பாதியில் தேயிலைச் செடிகள் அவளைத் தாங்கிக்கொண்டன.

தெரியாத வழியில் ஏன் போனாய் என்று போனிலேயே கத்தினேன்.

"ஒங்க மேப்பு தானே மா. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

பிரபுதான் தன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகளின் மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பார்த்ததும், "செவப்பா இருந்துச்சுக்கா, சேத்துவிட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல," என்றார். என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

மறுநாள் காலை இருவரும் அந்த இடத்துக்குப் போனோம். டயர் தடம் விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. பிரபு கீழே எட்டிப் பார்த்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். மேப்பில் இங்கே ரோடு இருக்கிறது என்றேன்.

"ரோடா? ஆடு கூட எறங்காது லா. எந்தப் புத்திசாலி போட்டான்?"

பிரபு கையை உயர்த்தினார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி கொழுந்து எடுக்கத் திரும்பினார்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து இணைப்பை வெட்டினோம். நடுவில் சரிவு என்று குறித்தோம். அந்த இடத்தில் போய் நிற்காமல் யாரும் எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்தோம். போட்டி அன்றோடு நின்றது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாதி வரைந்த மேப்போடு வருபவர் வழியில் யாரையாவது கேட்பார். எல்லாம் ஒட்டி, சுத்தமாக இருக்கும் மேப்போடு வருபவர் யாரையும் கேட்க மாட்டார். என் மகள் கேட்கவில்லை. அங்கே கேட்பதற்கு ஒரு லயமே இருந்தது.