இம்பா ஏறும் சுவர்

விர்ஹீலியோ ஃபரினாங்கோ கட்டிய சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை. இம்பாபுரா மலைச்சரிவில், எங்கள் ஓடைக்குக் குறுக்கே ஊரே சுமந்த கல்லிலும் சிமெண்டிலும் தடுப்புச்சுவர் எழுப்பிய கொத்தனார் அவர்தான். தண்ணீர் சுவரை அரிக்காமல் தள்ளி விழட்டும் என்று மேல்விளிம்பை ஒரு சாண் முன்னே நீட்டியிருந்தார். அந்த விளிம்பில் அவருக்குத் தனிப் பெருமை.

மழை தொடங்கியதும் சுவரடியில் இம்பா மீன்கள் குவிந்தன. கெளுத்தி இனம்தான், ஆனால் விரல் நீளம். கீழே வெப்பக்காட்டு ஆறுகளில் இருக்கும் அதன் பங்காளிகள் உடம்பெல்லாம் எலும்புத் தகடு போர்த்தியவை. இம்பாவுக்குத் தகடும் இல்லை, செதிலும் இல்லை. வெறும் தோல், சின்ன மீசை, உறிஞ்சிப் பிடிக்கும் வாய். எங்கள் மலைக்கே அதனால்தான் பெயர் என்போம்.

விர்ஹீலியோ மனைவியின் தம்பி லாசரோ கூடையோடு வந்துவிட்டான். "மச்சான், நீங்க கட்டினது சுவரா, வலையா? அள்ள அள்ள வருதே!"

எல்லோரும் சிரித்தார்கள். விர்ஹீலியோவின் மனைவி சோய்லா சிரிக்கவில்லை. "மேல ஊத்துல போய்ப் பாருங்க, ஒரு குஞ்சு கிடையாது. ஏற வழியில்லாமத்தான் இங்க முட்டிக்கிட்டு நிக்குது."

"இம்பா செங்குத்துப் பாறையே ஏறும் புள்ள."

"பாறைக்கு மூக்கு நீட்டிக்கிட்டா இருக்கு? உங்க சுவருக்குல்ல இருக்கு!"

கோபத்தோடு போன விர்ஹீலியோ ஓடையோரம் குந்திக் கவனித்தார். மீன் வாயால் சுவரைக் கவ்வியது. வயிற்றடித் துடுப்பை மேலே நகர்த்தி ஒட்டிக்கொண்டது. பிறகு வாயை விட்டு இன்னும் மேலே கவ்வியது. வாய் ஒட்டியிருக்கும்போதே செவுளின் மேல்துளை வழியாக மூச்சு விட்டது. விளிம்புக்கு அடியில் வந்ததும் தொப்பென்று விழுந்தது.

மறுநாள் உளியோடு வந்தார். லாசரோ மறித்தான். "பைத்தியமா மச்சான்? நாங்க முதுகொடியச் சுமந்த சிமெண்டு!"

"சுமந்தது நீங்க, கட்டினது நான். ஒழுகினா என்னைக் கேளு."

விளிம்பை உடைத்து, உச்சியை வளைவாக்கி, சுவரடியில் தேங்கிய தண்ணீர் வரை சரிவாகப் பூசினார். தண்ணீர் மெல்லிய துணிபோல வழிந்தது. ஒழுகவில்லை. ஆனால் மீனும் ஏறவில்லை.

"ஏணி கொண்டாரட்டுமா மச்சான்?" என்று லாசரோ தினமும் சீண்டினான்.

சிமெண்டின் காரம் கரைந்து போய்ப் பாசி பிடித்த பிறகு, ஒரு காலை சோய்லா போட்ட கூச்சலில் ஊரே ஓடியது. சரிவெங்கும் கருங்கோடுகளாக இம்பாக்கள் ஏறிக்கொண்டிருந்தன. லாசரோ கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம், அப்படித்தான்டா, ஏறு!" என்று கத்தினான். விர்ஹீலியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஏறும் மீன்களைப் பார்த்தபடி நின்றார். கண் மின்னியது.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஓடைக்கும் சுவர் கேட்டு வந்தபோது சொன்னார்: "தண்ணியும் நிக்கணும், மீனும் போகணும்னா நான் வர்றேன். ஒண்ணு போதும்னா வேற ஆளப் பாருங்க."