வசிப்பிடமா, களஞ்சியமா

எங்கள் பின்வளவில் ஒரு கொட்டில் இருந்தது. விறகு, தேங்காய், இரண்டு நெல்மூட்டை, ஒரு பழைய கட்டில். எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, உம்மாவின் தம்பியான மாமா ஒரு தோள்பையோடு வந்து அந்தக் கட்டிலைத் துடைத்துப் படுத்துக்கொண்டார். மாமியோடு சண்டை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தோடு அதை மகளின் பெயருக்கு எழுதிவிடுவார்கள். ஆண் அங்கே போய்ச் சேருவான். காணி உறுதியில் அவன் பெயர் இராது. கோபித்துக்கொண்டு வெளியேறும் ஆணுக்கு மிஞ்சுவது சகோதரியின் வளவுதான். அதுவும் விருந்தாளி என்ற பெயரில், இரண்டு மூன்று கிழமைக்கு. அதற்குள் பெண் வீட்டார் யாராவது வந்து கதைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாமா வந்து மூன்று மாதமாகியும் யாரும் வரவில்லை. வருவார்கள் என்று உம்மா மட்டும் நம்பியிருந்தார்.

மாமா றேடியோ திருத்துகிறவர். ஈயம் உருக்கக் கரண்ட் வேண்டும். வீட்டில் இருந்தது, கொட்டிலில் இல்லை. கொய்யா மரத்துக்கு மேலால் ஒரு வயர் இழுத்தால் அரை மணித்தியால வேலை என்றார் வாப்பா. மாமா ஒப்பவில்லை. அடுத்த தெருவில் அப்படி இழுத்த வயர் உடுப்புக் காயப்போடும் கம்பியில் உரசி, ஈரக்கையோடு போன ஒரு பெண் மௌத்தாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சட்டப்படி எடுப்பம் மச்சான்."

"சட்டப்படி நீ இரிக்க வேண்டிய இடம் வேற" என்றார் வாப்பா.

கல்முனையிலுள்ள மின்சாரக் கந்தோரிலிருந்து படிவம் வந்தது. என் எழுத்து அழகு என்று நிரப்பும் வேலையை என்னிடம் தந்தார்கள். இப்படியான படிவங்களில் பிழை பிடித்துத் திருப்பி அனுப்புவதையே பிற்காலத்தில் உத்தியோகமாகச் செய்து ஓய்வூதியமும் வாங்குகிறவள் நான். என் கையால் நிரப்பிய முதல் படிவம் அதுதான். துரதிர்ஷ்டவசமாக அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஒரு கேள்வியில் வந்து நின்றோம். கட்டடம் வசிப்பிடமா, களஞ்சியமா? பொருத்தமற்றதை வெட்டிவிடுக.

"களஞ்சியம் எண்டு போடு புள்ள" என்றார் உம்மா. "விறகும் தேங்காயும்தானே கிடக்கு."

"நானும் கிடக்கன் ராத்தா. நான் என்ன, தேங்காயா?"

"நீ கொஞ்ச நாளைக்குத்தானே, தம்பி."

"களஞ்சியத்துக்கு ஒத்த லைட்டுதான் தருவாங்க, பிளக் இல்ல. பொய் எழுதி எடுத்துப்போட்டு, ஏதும் நடந்தா ஆரு பதில் செல்ற?"

நான் அடிமட்டத்தை வைத்து, களஞ்சியத்தை நேர்கோட்டில் வெட்டினேன். சட்டத்தின் மேலுள்ள பற்றால் அல்ல. மாமா எங்களோடேயே இருந்தால் நல்லது என்று நினைத்தேன். என்னைச் சிரிக்க வைக்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

வளவு உம்மாவின் பெயரில் இருந்ததால் அவரே ஒப்பமிட வேண்டும். இரண்டு நாளாக உம்மாவுக்குப் பேனை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் போட்ட ஒப்பம் தாளின் மறுபக்கம்வரை அழுந்தியிருந்தது.

வசிப்பிடம் என்றால், அங்கே வசிப்பவர் இன்னார்தான் என்று கிராம அதிகாரியான விதானையாரின் அத்தாட்சி தேவை. விதானையார் மாமியின் தெருக்காரர். வந்தார், கட்டிலைப் பார்த்தார், கொடியில் தொங்கிய சாரனைப் பார்த்தார்.

"அப்ப, நிரந்தரமா இஞ்சதானா?"

"படிவத்துல அப்பிடித்தானே கேட்டிரிக்கி" என்றார் மாமா.

அது பதில் அல்ல. விதானையார் அதைப் பதிலாகவே எழுதிக்கொண்டார்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் வந்து, குழாய்க்குள்ளால் வயர் இழுத்து, மெயின் சுவிட்சும் பியூசும் பூட்டினார். எர்த் கம்பியைக் கொட்டிலின் ஓரத்தில் இறக்கியிருந்தார். பரிசோதகர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எங்கள் கடற்கரை மணல் காய்ந்துவிட்டால் கரண்டை உள்வாங்காது. கிணற்றடி ஈரத்தில் ஆழமாக இறக்கச் சொல்லி, தாளில் 'மீள்பரிசோதனை' என்று எழுதிவிட்டுப் போனார். அன்று பகல் உம்மா மீன் பொரித்தார். "அவசரமில்ல தம்பி, ஆறுதலாச் செய்" என்று மாமாவின் சோற்றுக் கோப்பையில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தார்.

மாமா மறுநாளே கிணற்றடியைத் தோண்டினார். இரண்டாம் பரிசோதனையில் சித்தி. கொட்டிலுக்கென்று தனி மீட்டர் வந்தது. மாலை மஃரிப் பாங்குக்குச் சற்று முன் குமிழ் எரிந்தபோது கை தட்டியது நான் மட்டும்தான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் எங்கள் வாசல் கடப்படியில் ஒரு மாட்டுக் கரத்தை வந்து நின்றது. மாமியின் தம்பி ஒரு தகரப் பெட்டியை இறக்கி வைத்தார். உம்மா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"இனி இஞ்சதானாம் எண்டு விதானையார் சென்னாரு. ராத்தா குடுத்து உட்டா" என்றார். கரத்தை திரும்பிப் போயிற்று.

மாமா பெட்டியைக் கொட்டிலுக்குத் தூக்கிப் போய்த் திறந்தார். சாரன், சேட்டு, தொப்பி, தாளில் சுற்றிய செருப்பு. எல்லாம் துவைத்து, அயன் பண்ணி, மடித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பொருள் குறையவில்லை. வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். உம்மா கதவடியில் குந்திவிட்டார்.

எனக்கோ பெரும் சந்தோஷம். எதிர்வீட்டுக்கு ஒரு ஆசிரியர் குடும்பம் மாற்றலாகி வந்தபோது முதல் நாள் பெட்டிகள் வந்தன, மறுநாள் ஆட்கள் வந்தார்கள். அந்த ஒழுங்கு எனக்குத் தெரியும்.

"பொட்டி வந்திட்டு உம்மா. நாளைக்கு மாமி வருவா."

உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் விளக்குமாற்றை எடுத்து வந்து, புதுக் குமிழின் வெளிச்சத்தில் விறகையும் தேங்காயையும் ஒரு மூலைக்குத் தள்ளி, மாமிக்கு இடம் கூட்டத் தொடங்கினேன். கட்டிலில் இருந்த மாமா, விளக்குமாறு கிட்ட வந்தபோது இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். நான் கூட்டி முடிக்கும்வரை இறக்கவே இல்லை.