துருசும் திரான்சிஸ்டரும்

விசுவமடுவில் காணி எடுத்துக் குடியேறிய காலத்தில், திரான்சிஸ்டர் வைத்து நானே ஒரு ஒலிபெருக்கி செய்தேன். மெல்லிய குரலைத் திரான்சிஸ்டர் தன் பலத்தால் பெரிதாக்கிவிடும் என்று நம்பி, டோர்ச்சில் பாவித்து இளைத்த பற்றரிகளையே அதற்குப் போட்டேன்.

கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டம் குளக்கட்டில் நடந்தது. மைக்கில் நான் எவ்வளவு கத்தியும் ஒலிபெருக்கி முனகியது. எல்லோரும் சிரித்தார்கள். மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

குளத்து மதகை நாங்கள் துருசு என்போம். "துருசை முழுசாத் திறந்துவிடுங்கோ, எல்லாக் காணிக்கும் தண்ணி போதும்," என்றார் ஒருவர்.

என் மனைவி எழும்பினாள். "துருசே அண்ணை தண்ணி தாறது? அது வழிதான் விடும். குளத்திலை கிடந்தால்தானே வரும்?"

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. திரான்சிஸ்டர் துருசு, பற்றரி குளம். என் குரல் துருசைத் திருகும் கை மட்டுமே. சிறு திருகலுக்கு நிறையப் பாயும். ஆனால் பாய்வது குளத்துத் தண்ணீர்.

குளத்தில் கிடந்த தண்ணீருக்கு ஏற்ப அந்தப் போகம் பாதிக் காணிதான் விதைத்தோம். அடுத்த கூட்டத்துக்குப் புதுப் பற்றரி போட்டு, மைக்கை முதலில் மனைவியிடம் நீட்டினேன்.

"எனக்கு உது வேண்டாம். போனமுறை மைக் இல்லாமல் நான் சொன்னது கேக்கேல்லையே?"

கேட்டது. எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகக் கேட்டது.